மேற்கால இடம்

வெள்ளைக்கல் தோட்டத்துக் கீழ்ப்பிரிவில் எல்லாருக்கும் தை முதல் நாள் பொங்கல். பூவம்மா வீட்டுக்கு மட்டும் தப்பால்காரர் கடிதம் கொண்டுவருகிற நாளில்தான் பொங்கல். சில வருஷம் அது தை ஐந்தாக இருக்கும், சில வருஷம் இருபதாகும். உலகச் சண்டைக் காலத்தில் ஒரு தடவை பங்குனி பிறந்தே போய்விட்டது. பீலிக்கரையில் தண்ணீருக்கு நிற்கும் பொம்பளைகள், "என்னா பூவம்மா, ஒங்க வீட்டுல இன்னும் தை பொறக்கலியா?" என்று கேலி பண்ணுவார்கள். "ஒங்க தைய நீங்க கொண்டாடுங்க. எங்க தை கப்பல்ல வருது" என்று குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போவாள்.

கப்பலில் வருவது ஒரு சாண் பனையோலைத் துண்டு. கடலுக்கு அந்தப் பக்கம், துறையூர்ப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் அக்கா சீரங்காயி அனுப்புவது. அந்தப் பக்கமெல்லாம் பொங்கலுக்கு முந்தின நாள் பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை மூன்றையும் கொத்தாக்கி வாசலில் காப்புக் கட்டுவார்கள். மடுல்சீமைத் தேயிலை மலைக் குளிரில் இந்த மூன்றையும் எங்கே போய்த் தேடுவது? அதனால் சீரங்காயி மார்கழியிலேயே பறித்து, நிழலில் காயப்போட்டு, ஓலைத் துண்டில் ஊசி நூலால் தைத்து, கடிதத்தோடு உறையில் வைத்து அனுப்புவாள். வந்து சேரும்போது ஆவாரம்பூ மண் நிறத்துக்கு வந்திருக்கும், வேப்பிலை தொட்டால் நொறுங்கும். பூளைப்பூ மட்டும் அப்படியே வெள்ளையாக இருக்கும். பூவம்மா அதைத் தன் ஒற்றை அறைக் காம்பரா வாசலில் செருகிவிட்டுத்தான் அடுப்பில் பானை ஏற்றுவாள்.

பதிலுக்குப் பூவம்மா அனுப்புவது ஈயத்தாள் கோலம். புருஷன் வைரவனுக்கு ஸ்டோரில் தேயிலைப் பெட்டி அடிக்கிற வேலை. பெட்டிக்குள் ஒட்டுகிற ஈயத்தாளில் வெட்டிப் போட்ட ஓரங்களைச் சுருட்டிச் சட்டைப் பையில் கொண்டுவருவான். பூவம்மா அதை நாலாய் எட்டாய் மடித்து, பிளேடால் நறுக்கிப் பிரித்தால் கோலம் விரியும். கொழுந்து பறித்துப் பறித்து வெடித்துக் கறுத்த விரல்கள் அந்த வேலையில் மட்டும் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. கோதுமை மாக் கூழைத் தடவிப் பழைய பள்ளிக்கூடக் கொப்பி அட்டையில் ஒட்டி அனுப்பினால், அது சீரங்காயி வீட்டுச் சாமி மாடத்தில் வருஷம் முழுக்க மினுங்கிக்கொண்டிருக்குமாம்.

அக்காவுக்கும் எழுத்துத் தெரியாது, தங்கைக்கும் தெரியாது. ஓலையும் ஈயத்தாளும்தான் அவர்கள் கைப்பட்டவை. கூட வரும் கடிதத்தை எழுதுவது வேறு யாராவது. அங்கே ஒரு போஸ்ட்டாபீஸ்காரர். இங்கே தோட்டப் பள்ளிக்கூடத்துச் செல்வரத்தினம் மாஸ்டர். யாழ்ப்பாணத்துக்காரர், பன்னிரண்டு வருஷமாகக் கீழ்ப்பிரிவுக்கே கடிதம் எழுதிக் கொடுப்பவர். யாருடைய கடிதமானாலும் 'க்ஷேமம், க்ஷேமத்துக்குப் பதில்' என்று ஆரம்பித்து, 'கூடிய சீக்கிரம் ஊர் வந்து உங்களோடு சேர்ந்துகொள்வோம்' என்று முடிப்பார். அப்படி எழுதாமல் கடிதத்தை ஒட்டுவது, வாசல் வரைக்கும் வந்தவரை ஒரு வாய் தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்காமல் அனுப்புவது மாதிரி. அதற்கு அக்காவும் 'நீ எழுதினபடி வந்து சேர்' என்று பதில் எழுதுவாள். இருபத்தேழு வருஷத்தில் பூவம்மா ஒரு தடவைகூட ஊருக்குப் போனதில்லை. போகிற எண்ணமும் இருந்ததில்லை.

ஐம்பத்தொன்றில் எல்லாரோடும் சேர்ந்து வைரவனும் இந்த நாட்டுப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டான். மூன்று வருஷம் கழித்து, ஐம்பத்தைந்து பொங்கலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, விசாரணைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. தை இருபத்திரண்டாம் தேதி பதுளைக்கு வர வேண்டும். முப்பத்தொன்பது முதல் நாற்பத்தாறு வரைக்கும் இடைவிடாமல் இந்த நாட்டில் இருந்ததற்கு அத்தாட்சி கொண்டுவர வேண்டும்.

நாற்பத்துமூன்றுக்குப் பிறகு கவலையில்லை, வெள்ளைக்கல் செக்ரோல் சம்பளப் பதிவில் பேர் இருக்கிறது. அதற்கு முன்னால் அவர்கள் ஹாலிஎலப் பக்கம் ஒரு சின்னத் தோட்டத்தில் இருந்தார்கள். மகள் சந்திரகாந்தி பிறந்ததும் அங்கேதான். வைரவன் ஒருநாள் வேலையை விட்டுவிட்டு அங்கே போய் வந்தான். மழையில் ஊறிக் கால் முழுக்க அட்டைக் கடியோடு வந்து அடுப்புக்கு முன்னால் குந்தினான்.

"தோட்டம் கைமாறிருச்சு. புதுத் தொரை பழைய புஸ்தகத்தப் பாத்ததே இல்லையாம். கறையான் தின்னு போச்சுன்னு கிளாக்கரு சொல்றாரு."

"கணக்கப்புள்ள ஐயா?"

"அவரு செத்து ஆறு வருசமாச்சு."

பூவம்மா வெறும் தேத்தண்ணியை ஊற்றிக் கையில் ஒரு துண்டு கருப்பட்டியோடு கொடுத்தாள். சந்திரகாந்தி கோதுமை ரொட்டியைத் தட்டிக்கொண்டிருந்தாள். பதினேழு வயது. காலையிலிருந்து மழையில் கொழுந்தெடுத்து, சாக்குப் படங்கு நனைந்து, இடுப்பெல்லாம் விறைத்துப்போய் வந்தவள்.

"நாலு வருசத்துக்கு நாம இங்க இருந்தோம்னு யாரு சொல்லுவா?" என்றான் வைரவன். "நாம இருந்த லயத்து வீடே இப்ப இல்ல. மாட்டுக் கொட்டில் போட்டிருக்கான்."

ரொட்டியும் கருவாட்டுச் சம்பலும் தின்று முடிக்கும் வரைக்கும் பூவம்மா யோசித்தாள். பிறகு எழுந்து, ராக்கையிலிருந்து தகரப் பெட்டியை இறக்கினாள்.

"இந்தா பாருங்க. அக்கா கடுதாசி. ஒண்ணு தவறாம வச்சிருக்கேன். ஒவ்வொரு கவர் மேலயும் தப்பாலாபீசு முத்திர இருக்குல்ல? அந்த நாலு வருசத்துக் கவர்ல ஹாலிஎல முத்திர. அதுல வருசமும் தேதியும் இருக்கும்னு மாஸ்டர் ஐயா சொல்லியிருக்காரு. நாம அங்க இல்லாம கடுதாசி அங்க எப்படி வரும்?"

வைரவன் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"அடி ஆத்தி" என்றான். "ஒனக்கு எப்பிடிடி இது தோணுச்சு."

"கைநாட்டுன்னா மூளையில்லன்னு நெனச்சீங்களா?"

அன்றைக்குத்தான் அந்தக் காம்பராவில் பத்து நாளுக்குப் பிறகு கொஞ்சம் சிரிப்புச் சத்தம் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை மாஸ்டரிடம் கொண்டுபோனார்கள். அந்த வருஷத்துக் கடிதமும் அப்போதுதான் வந்திருந்தது, அதையும் சேர்த்துக்கொண்டார்கள். மாஸ்டர் பள்ளிக்கூட வாங்குப் பலகையில் உறைகளைப் பரப்பி, கண்ணாடியை ஏற்றி இறக்கி, முத்திரைகளைப் பார்த்து வருஷ வாரியாக அடுக்கினார்.

"முப்பத்தொன்பது இருக்கு. நாப்பது இருக்கு. நாப்பத்தொண்டு தெளிவில்லை, ஆனால் பின்பக்கம் ஹாலிஎல எண்டு விளங்குது. நல்ல வேலை செய்தனீங்கள் பூவம்மா. எல்லாரும் கடதாசியை அடுப்புக்குள்ள போட்டிட்டு, இப்ப வந்து என்னட்டை அழுகினம்."

"எல்லாம் காட்டலாமுங்களா? இல்ல, அந்த நாலு வருசத்துக்கு மட்டுமா?"

"எல்லாத்தையும் குடுங்கோ. ஒரு வருசமும் தவறேல்லை எண்டு தெரிஞ்சால் அவைக்கு நம்பிக்கை வரும்."

உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று மாஸ்டர் பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது? பன்னிரண்டு வருஷமாக வந்த கடிதத்தையெல்லாம் அவரே பூவம்மாவுக்குப் படித்துக் காட்டியவர், பதிலும் அவரே எழுதியவர். படித்த மனுஷன் என்று கீழ்ப்பிரிவே கையெடுத்துக் கும்பிட்ட மாஸ்டருக்கு அன்றைக்குக் கண்ணில் பட்டதெல்லாம் முத்திரைதான். பின்னால் நடந்ததற்கு அவரைக் குற்றம் சொல்லவும் மனசு வரவில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

பூவம்மா உறைகளோடு, வருஷா வருஷம் வாசலிலிருந்து எடுத்து வைத்திருந்த பனையோலைத் துண்டுகளையும் ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டாள். முத்திரை அழிந்திருந்தாலும் ஓலையை எண்ணிப் பார்த்துக்கொள்ளலாமே என்று அவள் கணக்கு.

தை இருபத்திரண்டாம் தேதி விடியுமுன் இறங்கி நடந்தார்கள். மூன்று மைல் வந்து பஸ் ஏறி, பசறையில் இன்னொரு பஸ் மாறி, பதுளைக்கு வந்து சேர ஒன்பது மணியாகிவிட்டது. பஸ்ஸில் சந்திரகாந்திக்கு இரண்டு தடவை குமட்டியது. விசாரணை நடந்த கட்டடத்து விறாந்தையில் எழுபது எண்பது பேர் குந்தியிருந்தார்கள். மூட்டை மூட்டையாகக் கடதாசி. பிறப்புத் துண்டு, அரிசிக் கூப்பன், அம்மை குத்தின சீட்டு, செத்துப்போன மாமியாரின் படம். பூவம்மா தன் துணிமூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, அக்கம்பக்கம் பார்க்க, கொஞ்சம் பெருமையாகவே உட்கார்ந்திருந்தாள்.

பேர் கூப்பிட மத்தியானம் இரண்டு மணி. விசாரணை ஐயாவைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. தடிமன் பிடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார், காலையிலிருந்து முப்பது பேரைக் கேட்ட களைப்பு முகத்தில் தெரிந்தது. அவர் இங்கிலீசில் கேட்க, பக்கத்தில் இருந்த மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டார். முத்திரைகளை ஐயா ஒவ்வொன்றாகப் பார்த்தார். தலையை ஆட்டினார். ஏதோ எழுதிக்கொண்டார்.

"இந்த நாலு வருஷமும் ஹாலிஎலவில் இருந்ததை ஒப்புக்கொள்கிறார்" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

வைரவன் கும்பிட்டான். பூவம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில், கேட்காமலே துணியை அவிழ்த்து ஓலைத் துண்டுகளை மேசையில் வைத்தாள். பூளைப்பூத் தூள் ஐயாவின் கடதாசி மேலெல்லாம் உதிர்ந்தது.

"இது என்ன?"

"காப்புங்க. பொங்கலுக்கு வாசல்ல கட்டுறது. எங்கக்கா அனுப்புறதுங்க."

"இந்தியாவிலிருந்தா?"

"ஆமாங்க. வருசம் தவறாம வருமுங்க. நானும் ஈயத்தாளு கோலம் வெட்டி அனுப்புவேனுங்க. நாங்க ஒரு வருசம் விட்டதில்லீங்க."

மொழிபெயர்ப்பாளர் சொன்னார். 'வருஷம் தவறாமல்' என்பதை ஐயா எழுதிக்கொண்டார். பிறகு ஒரு கடிதத்தை உறையிலிருந்து உருவி, மொழிபெயர்ப்பாளரிடம் நீட்டினார். அவர் தமிழில் வாசித்து இங்கிலீசில் சொல்லிக்கொண்டு வந்தார்.

நாற்பதாம் வருஷத்துக் கடிதம்: "நீ எழுதினபடி கூடிய சீக்கிரம் வந்து சேரவும். வீட்டுக்கு மேற்கால உனக்கென்று இடம் விட்டு வைத்திருக்கிறேன்."

நாற்பத்தாறு: "மேற்கால இடத்தில் உன் பேரைச் சொல்லி ஒரு முருங்கைக் கன்று நட்டேன்."

நாற்பத்தொன்பது: "உன் முருங்கை காய்த்துக் கிடக்கிறது. பறிக்க நீ இல்லை. இந்த வருஷமாவது வந்துவிடுவதாக எழுதியிருப்பது கண்டு சந்தோஷம்."

கடைசியாக, அந்த வருஷத்துக் கடிதம்: "மேற்கால இடத்தில் கிணறு வெட்ட எண்ணியிருக்கிறோம். நீங்கள் வந்தால் தண்ணீருக்குக் கஷ்டம் இருக்காது."

ஐயா மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"எப்போது போகப் போகிறீர்கள் என்று கேட்கிறார்."

"எங்கங்க?" என்றான் வைரவன்.

"ஊருக்கு."

"நாங்க போகலீங்களே. அதுக்குத்தானே ஐயா மனுப் போட்டது."

"போவதாக வருஷா வருஷம் எழுதியிருக்கிறீர்களே. இடம் இருக்கிறது, மரம் இருக்கிறது, கிணறும் வெட்டப் போகிறார்கள்."

பூவம்மாவுக்கு அப்போதுதான் விளங்கியது.

"அது சும்மா எழுதுறதுங்க" என்றாள்.

"அப்படியானால் எழுதினது பொய்யா?"

"பொய்யில்லீங்க."

"அப்படியென்றால் உண்மையா?"

"உண்மையும் இல்லீங்க. அது ஒரு மரியாதைங்க. கூடப்பொறந்தவளுக்கு எழுதறப்ப வரமாட்டேன்னு எப்படி எழுத முடியுமுங்க? வந்துருவோம்னுதான் எழுதணும். அது அவளுக்கும் தெரியுமுங்க."

மொழிபெயர்ப்பாளர் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தார். அவருக்கு விளங்கியிருக்கும். அவர் வீட்டிலும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். ஆனால் அதை இங்கிலீசில் எப்படிச் சொன்னாரோ, ஐயாவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"பதினைந்து வருஷமாகவா மரியாதை, என்று கேட்கிறார்."

"ஒவ்வொரு வருசமும் குடுக்கணும்லங்க" என்றாள் பூவம்மா.

அதோடு முடிந்தது. ஐயா கடிதங்களையும் ஓலைகளையும் சேர்த்துக் கட்டி, மேலே ஒரு துண்டு ஒட்டி, இலக்கம் போட்டார். அந்த வருஷத்துக் கடிதமும் அதற்குள் போனது.

"அந்தக் கடுதாசியெல்லாம் திருப்பித் தருவீங்களா ஐயா?"

"தர முடியாது. சாட்சியம்."

திரும்பும் வழியில் பசறையில் பஸ் மாற நிற்கும்போது வைரவன், "முத்திரையப் பாத்ததோட எந்திரிச்சு வந்திருக்கலாம்" என்றான். அதைச் சொல்லியிருக்க வேண்டாம். பூவம்மா தலையில் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

முடிவு ஆனியில் வந்தது. ஊவா மலைகளில் கச்சான் காற்று அடிக்கிற காலம். கொழுந்து இல்லாமல் செடியெல்லாம் முரண்டு பிடித்து நிற்கும், காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் கங்காணியின் வாய் சும்மா இருக்காது. நாள் முழுக்க மலை ஏறி இறங்கினாலும் கூடை பாதிதான் நிறையும். நீளமான பழுப்பு உறையில் வந்த கடதாசியை மாஸ்டர் இரண்டு தடவை வாசித்தார்.

"நிரந்தரமாய் இஞ்ச இருக்கிற எண்ணம் நிரூபிக்கப்படேல்லை எண்டு எழுதியிருக்கினம்."

"அப்படின்னா?"

"மனு தள்ளுபடி."

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"பிழை என்ர. நான்தான் அந்த வரியை எழுதினனான். பன்னிரண்டு வருசம். நீங்கள் சொல்லாட்டியும் நான் எழுதியிருப்பன். கை பழகிப்போச்சு."

"நீங்க என்னா செய்வீங்க ஐயா. எல்லாருக்கும் எழுதறதத்தானே எழுதினீங்க" என்றாள் பூவம்மா.

"மூண்டு மாசத்துக்குள்ள மேல் கோட்டுக்குப் போகலாம். கொழும்புக்கு. ஒரு அப்புக்காத்து வக்கீலைப் பிடிச்சு..."

"வேணாமுங்க" என்றான் வைரவன். "பதுளையில பேசுனதே போதும். அங்க போயி இன்னும் என்னத்தச் சொல்லி மாட்டிக்கிறதோ. கப்பல்ல ஏத்தி விட்டுருவாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. ஏத்தி விடுறதுக்கு முந்தி நாமளே போயிருவோம். அங்கதான் எடம் இருக்குல்ல."

பூவம்மா அவனைத் திரும்பிப் பார்த்தாள். வைரவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அன்று முதல் அந்தக் காம்பராவில் மேற்கால இடம்தான் பேச்சு. மனுஷ மனசு ஒரு விசித்திரம். பதினைந்து வருஷம் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்ட இடம், ஒரே மாதத்தில் மண்ணும் மரமுமாக வளர்ந்து நின்றது. வைரவன் கூடத்தை எந்தப் பக்கம் பார்த்துக் கட்டுவது என்று யோசித்தான். முருங்கை வேருக்குத் தூரமாக அடுப்படி வர வேண்டும் என்றான். பூவம்மாவும் கேட்டுக்கேட்டுக் கடைசியில் நம்பிவிட்டாள்.

"அங்க தேயிலை இருக்காம்மா?" என்று சந்திரகாந்தி கேட்டாள்.

"தேயிலை ஏது. கடலக்கா புடுங்கலாம், கம்பு அறுக்கலாம்."

"எனக்கு அதெல்லாம் தெரியாதே."

"குனிஞ்சு செய்யிற வேலதான். இங்க நிமிந்து செய்யிற. அவ்வளவுதான் வித்தியாசம்."

அக்காவுக்குக் கடிதம் போனது. 'க்ஷேமம்' என்று ஆரம்பித்த மாஸ்டர் அதோடு நிறுத்தி, பூவம்மா சொல்லச் சொல்ல அப்படியே எழுதினார். இங்கே எங்களை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நிஜமாகவே வருகிறோம். தைக்குள் புறப்படலாம் என்று இருக்கிறோம். மேற்கால இடம் எத்தனை முழம் இருக்கும்? கிணறு வெட்டியாயிற்றா? வந்த உடனே ஒரு குடிசை போட்டுக்கொண்டால் போதும், உனக்குப் பாரமாக இருக்க மாட்டோம்.

ஆடி போயிற்று. ஆவணி போயிற்று. தப்பால்காரர் மலைக்கு வரும்போதெல்லாம் பூவம்மா கூடையோடு நிமிர்ந்து பார்ப்பாள், அவர் கையை விரித்துக் காட்டிவிட்டுப் போவார். மேல் கோட்டுக்குப் போக வேண்டிய மூன்று மாதமும் அப்படியே கழிந்தது. தீபாவளியும் கழிந்தது.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்ட ஒரு சனிக்கிழமை கடிதம் வந்தது. மறுநாள் மத்தியானம் மழை கொஞ்சம் விட்ட நேரம் பார்த்து மூன்று பேரும் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். மாஸ்டர் உறையைப் பிரித்ததும், "இது வேற ஆரோ எழுதினது. எழுத்து வேற" என்றார்.

"படிங்க ஐயா."

"'அன்புள்ள பூவா'" என்று மாஸ்டர் ஆரம்பித்தார். க்ஷேமம் இல்லை. "'நம்மூர் போஸ்ட்டாபீஸ்காரரிடம் சொல்லி எழுதினால் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும் என்று துறையூர் சந்தைக்கு வந்து, முன்பின் தெரியாத ஒருவரிடம் சொல்லி எழுதுகிறேன். உன் கடுதாசி வந்து நாலு மாசமாகிறது. நான் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை.'"

மாஸ்டர் நிறுத்தினார்.

"மேல படிங்க" என்றாள் பூவம்மா.

"'மேற்கால இடம் என்று ஒன்று இல்லை. மேற்கால ரெட்டியார் களத்துமேடு. உனக்கு ஞாபகம் இருக்கும். முருங்கையும் இல்லை, கிணறும் இல்லை. நீ வருகிறேன் என்று எழுதினாய். இடம் இருக்கிறது வா என்று எழுதாவிட்டால் நான் என்ன அக்கா. வருஷா வருஷம் அதையே எப்படி எழுதுவது என்று ஒரு மரம் நட்டேன், ஒரு கிணறு வெட்டினேன். நீ வரமாட்டாய் என்று எனக்குத் தெரியும். அந்தத் தைரியம்தான். இங்கே அஞ்சு வருஷம் மழை இல்லாமல் போய், இருந்த அரைக் காணியும் கையை விட்டுப் போயிற்று. மகன் கரூருக்குப் போய்விட்டான். நான் மருமகளிடம் ஒரு மூலையில் கிடக்கிறேன். நீங்கள் மூன்று பேர் வந்து வாசலில் நின்றால் உங்களை எங்கே உட்காரச் சொல்வேன்? தினம் தினம் நாய் குரைத்தால் நீங்கள்தான் வந்துவிட்டீர்கள் என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. கூடப்பிறந்தவள் வருவதற்குப் பயப்படுகிற பாவி ஆகிவிட்டேன். எப்படியாவது அங்கேயே காலத்தைத் தள்ளுங்கள். இதைச் சொல்ல எனக்கு நாக்குக் கூசுகிறது. கோபித்துக்கொள்ளாமல் ஒரு வரி எழுது.'"

மாஸ்டர் கடிதத்தை மடித்து வாங்கின் மேல் வைத்தார். சந்திரகாந்தி வாசலில் போய் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப எடமே கெடையாதா?" என்றான் வைரவன்.

"மேற்கால களத்துமேடுதான்" என்றாள் பூவம்மா. "நான் அங்க வெளையாடியிருக்கேன். வரகு தூத்துறப்ப தூசி நம்ம வீட்டுக்குள்ள வரும். இந்த ஆறு மாசமா எனக்கே அது மறந்துபோச்சு."

வைரவன் நிமிர்ந்தான். "மாஸ்டர் ஐயா, இந்தக் கடுதாசியக் கொண்டு போயி அந்த ஐயாகிட்டக் காட்டலாமுங்களா? ஊருல எங்களுக்கு ஒரு சாண் எடமும் இல்லன்னு அக்காவே எழுதியிருக்குல்ல. இதுலயும் முத்திர இருக்கு."

"நாள் போயிட்டுது வைரவன். ஐப்பசிக்கு முதலே முடிஞ்சுது. இனி அவை இதை வாங்கிப் பாக்கமாட்டினம்."

வைரவன் கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டு குனிந்து உட்கார்ந்தான். பெட்டி அடித்து அடித்து அவன் வலது தோள் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. அவன் அழுவான் என்று மாஸ்டர் நினைத்தார். அவனுக்கு அதற்கும் தெம்பில்லை. இங்கே வேண்டாம் என்றுவிட்டார்கள், அங்கே வராதே என்றுவிட்டார்கள். நாளைக்கு ஆறு மணிக்குப் பெரட்டு. அதற்கு மட்டும் அவர்கள் வேண்டியிருந்தார்கள்.

பூவம்மாவுக்கு அக்காமேல் கோபம் வரும் என்று இரண்டு ஆண்களும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். வரவில்லை. அரைக் காணியும் போன பிறகு, மருமகளிடம் கேட்டு வாங்கிச் சாப்பிட்ட காலத்திலும், அந்தப் பொம்பளை காடு மேடெல்லாம் நடந்து பூளைப்பூ பறித்துத் தைத்து அனுப்பியிருக்கிறாள் என்பதுதான் அவள் மனசில் நின்றது.

"பதில் எழுதணும் ஐயா" என்றாள். "இப்பவே. நாளைக்குத் தப்பாலுக்குப் போகணும்."

"மெல்லமாய் எழுதுவம் பூவம்மா. மனம் ஆறட்டும்."

"அங்க அது நாயி கொலைக்கிறதப் பாத்து நடுங்கிக்கிட்டுக் கெடக்கு. நாம இங்க மனசு ஆறிக்கிட்டு இருக்கலாமா? எழுதுங்க."

மாஸ்டர் கடதாசியை எடுத்துப் பேனாவைத் திறந்தார். மேலே தேதியை எழுதினார்.

"என்ன எண்டு எழுத?"

"அக்கா, நாங்க அங்க வர மாட்டோம்னு எழுதுங்க. ஒருநாளும் வர மாட்டோம், நீ பயப்படாதன்னு எழுதுங்க."

மாஸ்டர் எழுதினார். அவர் இத்தனை வருஷம் கீழ்ப்பிரிவுக்கு எழுதிய நூற்றுக்கணக்கான கடிதங்களில் எதிலும் இல்லாத வரி. எழுதி முடித்தும் பேனாவை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வைரவனுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் எட்டி அந்தக் கடதாசியைப் பார்த்தான்.

"இந்த ஒத்த வரிய ஒரு வருசமாச்சும் முந்தி எழுதியிருந்தா" என்றான்.

"எழுதியிருந்தா அக்கா அழுதிருக்கும்" என்றாள் பூவம்மா.

"இப்ப?"

"இப்பத் தூங்கும்."